டீ ரூம் குளிர்பெட்டி: எது தாகத்துக்கு, எது நாக்குக்கு?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் எந்தத் தெருமுனை டீ ரூமுக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு அருகில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி ஒன்று நிற்கும். கண் மட்டத்தில் கோலா. அதையொட்டி ஸ்டோனி ஜிஞ்சர் பீர், பச்சை நிற க்ரீம் சோடா, ஆரஞ்சு, திராட்சை. இன்னும் கீழே ஸ்போர்ட்ஸ் டிரிங்க், எனர்ஜி டிரிங்க், ஐஸ் டீ. குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் பாட்டில். பிப்ரவரி மாதம், காற்றே ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டும் மத்தியானத்தில் யாரும் குனிவதில்லை.

அந்தப் பெட்டியில் இருப்பவற்றுக்கான மதிப்புரை இது. ருசிக்கு இங்கே மதிப்பெண் கிடையாது, அது அவரவர் நாக்கைப் பொறுத்தது. பார்ப்பது ஒன்றைத்தான்: உடம்பில் குறைந்த தண்ணீரை இது திருப்பித் தருகிறதா, தந்தால் அதற்கு என்ன கூலி வாங்குகிறது?

முதலில் கூல்டிரிங்க் மேல் உள்ள ஒரு வீண் பழியைத் துடைத்துவிடலாம். ‘கோலா குடித்தால் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும்’ என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு டின் கோலாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காஃபீன் சிறுநீரைக் கூட்டும் என்பது உண்மை, ஆனால் அது கண்ணில் படும் அளவுக்கு நடக்க ஒரே தடவையில் 250, 300 மில்லிகிராம் உள்ளே போக வேண்டும். ஒரு டின் கோலாவில் இருப்பது 30 மில்லிகிராம் சொச்சம். பிரிட்டனில் 72 ஆண்களை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு லிட்டர் பானத்தைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த நான்கு மணி நேரம் சிறுநீரை அளந்தார்கள். கோலா, டயட் கோலா, டீ, காபி, சோடாத் தண்ணீர், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எல்லாம் பச்சைத் தண்ணீரைப் போலத்தான் வெளியேறின. உடம்பில் கூடுதலாகத் தங்கியவை பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலும்தான். இரண்டு மணி நேரக் கணக்கில் இவை தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஆக, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கூல்டிரிங்க் தண்ணீர் வேலையைச் செய்யும். தண்ணீரைவிட மேலாக எதுவும் செய்யாது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மணிக்கணக்கான வெயில், உயர்ந்த இரத்தச் சர்க்கரை என்று நிலைமை மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

கண் மட்டத் தட்டு: சர்க்கரை போட்ட கோலாவும் அதன் தம்பிகளும்

முழுச் சர்க்கரை கோலா ஒன்றில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லி டின்னில் 32 கிராம், அதாவது எட்டு தேக்கரண்டி. 440 மில்லி பாட்டிலில் 47 கிராம், பன்னிரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் இரண்டு லிட்டர் பாட்டிலில் 212 கிராம். அந்தச் சர்க்கரையை ஒரு கண்ணாடித் தம்ளரில் கொட்டிக் காட்டினால் ஏறக்குறைய தம்ளர் நிறைந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம், முடிந்தால் 25. ஒரே ஒரு 440 மில்லி பாட்டில் முதல் வரம்பைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. இரண்டாவதைப் பாதி பாட்டிலுக்குக் கொஞ்சம் மேலே போனதுமே தாண்டியாயிற்று.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம் இரத்தத்தின் கரைசல் அடர்த்தி லிட்டருக்கு 290 மில்லி ஆஸ்மோல் அளவு. கோலா அதைப்போல் இரண்டு மடங்கை ஒட்டி நிற்கும். இவ்வளவு கெட்டியான திரவம் சிறுகுடலுக்குள் இறங்கும்போது முதலில் நடப்பது தலைகீழ் வேலை: இரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் வந்து அதை நீர்க்க வைக்கிறது. அதன் பிறகுதான் சர்க்கரையும் தண்ணீரும் உள்ளே போகின்றன. ஆரோக்கியமான குடலுக்கு இது சின்னத் தாமதம், அவ்வளவுதான். ஏற்கெனவே தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும் குடலுக்கு இது எரிகிற தீயில் எண்ணெய்.

இன்னொன்று, தண்ணீரை உள்ளே இழுக்கும் வாசல். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு நுழையும் ஒரு வாயில் உண்டு. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்ற கணக்கில் அவை போகும், தண்ணீர் பின்னாலேயே போகும். கோலாவில் குளுக்கோஸ் மலையாகக் கிடக்கிறது, சோடியத்தைக் காணோம். ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருந்தால் கோலாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. சாவி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பூட்டு எப்படித் திறக்கும்?

காஸ் வேறு. வயிறு உப்பி, நிஜமாகத் தேவைப்படும் அளவைக் குடிக்குமுன்பே போதும் என்று தோன்ற வைக்கும். ஜில்லென்ற புளிப்பும் காஸும் வாயில் படும்போது தாகம் தீர்ந்த உணர்வு வருவது நிஜம். அது வாய் சொல்லும் சாட்சி, இரத்தத்தைக் கேட்டுச் சொன்னதில்லை.

மதிப்பெண்: தாகத்துக்குப் பத்துக்கு ஐந்து. உடம்புக்கு ஒன்று.

வரி வந்த பிறகு லேபிள் மாறிய கதை

2018 ஏப்ரல் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் சர்க்கரைப் பானங்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வரி இருக்கிறது. 100 மில்லிக்கு 4 கிராம் வரை விட்டுவிட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட் என்று தொடங்கி, 2019-இல் 2.21 சென்ட் ஆனது. மேலே சொன்ன 10.6 கிராம் கோலாவுக்குக் கணக்குப் போட்டால் வரிக்கு உட்படுவது 6.6 கிராம். இரண்டு லிட்டருக்கு 132 கிராம், அதாவது 2 ராண்ட் 92 சென்ட். கல்யாண வீட்டுக்கு நாற்பது பாட்டில் வாங்குபவர் ஏறக்குறைய 117 ராண்ட் சர்க்கரைக்காக மட்டும் தனியே கட்டுகிறார். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போன ஊர் இது. அவர்கள் பேரப்பிள்ளைகள் அந்தக் கரும்புக்கு வரியும் கட்டுகிறார்கள், மாத்திரையும் விழுங்குகிறார்கள்.

வரியால் விலை ஏறியதைவிடப் பெரிய மாற்றம் பாட்டிலுக்குள் நடந்தது. பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்து, குறைந்த இனிப்பைச் செயற்கை இனிப்பால் நிரப்பியிருக்கிறார்கள். பெயரும் நிறமும் அதேதான். ஆகவே பத்து வருடத்துக்கு முன் மனப்பாடம் செய்த எண்களை நம்பக் கூடாது, பாட்டிலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? இங்கே லேபிளில் ‘கார்போஹைட்ரேட்’ என்று மட்டும் இராது, ‘கிளைசீமிக் கார்போஹைட்ரேட்’ என்று போட்டு, அதன் கீழே ‘அதில் மொத்தச் சர்க்கரை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் முக்கியம். இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்று 100 மில்லிக்கு, இன்னொன்று ஒரு பரிமாறலுக்கு. பரிமாறல் என்று 200 மில்லி போட்டிருப்பார்கள், பாட்டில் 440 மில்லியாக இருக்கும். அதை யார் இரண்டு நாள் வைத்துக் குடிக்கிறார்கள்? எப்போதும் 100 மில்லி எண்ணை எடுத்துப் பாட்டில் அளவால் பெருக்கவும். எழுத்து பொடியாக இருந்து சர்க்கரை வரி தெரியாவிட்டால் கிலோஜூல் எண்ணைப் பார்த்து 17-ஆல் வகுக்கவும். கூல்டிரிங்கில் கொழுப்போ புரதமோ இல்லாததால் விடை ஏறக்குறைய சர்க்கரைக் கிராமாகத்தான் வரும். 180 கிலோஜூல் என்றால் 10.6 கிராம்.

இந்த மாற்றத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இன்சுலினோ கிளிக்ளசைடு, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் உடனே 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும். ‘அரைத் தம்ளர் கூல்டிரிங்க் கொடு’ என்று வீட்டுக்கு வீடு தெரியும். 10.6 கிராம் கோலாவாக இருந்தால் 150 மில்லியில் 16 கிராம் கிடைக்கும், சரி. 100 மில்லிக்கு 5 கிராமாகக் குறைக்கப்பட்ட ஆரஞ்சாக இருந்தால் அதே அரைத் தம்ளரில் ஏழரை கிராம்தான், பாதி மருந்து கொடுத்த மாதிரி. ஸீரோ பாட்டிலாக இருந்தால் ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆகவே சர்க்கரை வியாதிக்காரர் இருக்கும் வீட்டில் இந்த வேலைக்கென்று ஒரே வகைப் பாட்டிலை ஒதுக்கி, எத்தனை மில்லி என்று பேனாவால் மேலேயே எழுதி வைக்கவும். அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும், அது எந்த வரிக்கும் மாறாது. 15 நிமிடம் கழித்து மறுபடி ஊசி குத்திப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். கூல்டிரிங்குக்கு முழு மதிப்பெண் தர வேண்டிய ஒரே இடம் இதுதான்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம்தான் டர்பனில் அதிகம் நடக்கிறது. இரத்தச் சர்க்கரை 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகம் தாங்காமல் சர்க்கரையைச் சிறுநீரில் விடத் தொடங்கும். சர்க்கரை தனியாகப் போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம், நாக்கு வறட்சி. அந்தத் தாகத்துக்கு ஒரு க்ரீம் சோடா குடித்தால் சர்க்கரை இன்னும் ஏறும், சிறுநீர் இன்னும் போகும், தாகம் இன்னும் கூடும். ‘எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன்’ என்று ஆயா சொன்னால் குளிர்பெட்டியைத் திறக்க வேண்டாம், கிளினிக்கில் விரல் குத்திப் பார்க்கச் சொல்லவும். இங்கே மட்டும் கூல்டிரிங்க் தண்ணீரை உறிஞ்சும் என்ற பழைய பேச்சு நிஜமாகிவிடுகிறது.

ஸீரோ, டயட், லைட்

நீர் என்ற கணக்கில் தண்ணீருக்குச் சமம். இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. தினமும் ஒரு லிட்டர் கோலா குடித்துப் பழகியவருக்கு இறங்கி வர ஒரு படி, அந்த வகையில் நல்லதுதான். ஆனால் உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வருடம் ஜூலையில் ஆஸ்பர்டேம் ‘புற்றுநோய் உண்டாக்கலாம்’ என்ற 2பி பட்டியலில் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் பூகம்பம். கூடவே வந்த இன்னொரு முடிவை யாரும் அனுப்பவில்லை: அன்றாட வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று இருந்தது அப்படியே தொடர்கிறது. 70 கிலோ ஆளுக்கு அது 2800 மில்லிகிராம். அதைத் தாண்டப் பல டின்கள் குடிக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் ஆஸ்பர்டேமைத் தொடவே கூடாது.

ஸீரோவால் தப்பாதது பல். பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பி.எச். 2.5 பக்கம், சர்க்கரை இல்லாத கோலாவுக்கும் 3 பக்கம்தான். கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஒரு பாட்டிலைக் காலை முதல் மத்தியானம் வரை ஒவ்வொரு வாயாகக் குடிப்பவர், அதே பாட்டிலைச் சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் முடிப்பவரைவிடப் பல்லை அதிகம் இழப்பார். ஒவ்வொரு வாய்க்கும் எச்சில் புளிப்பை ஆற்ற அரை மணி நேரம் வேண்டும், அதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது. குடித்ததும் தண்ணீரால் கொப்பளிக்கலாம். உடனே பிரஷ் எடுக்கக் கூடாது. மெத்துமெத்தென்று இளகிய எனாமலைத் தேய்த்து எடுக்கிற வேலை அது. ஒரு மணி நேரம் விட்டுத் தேய்க்கவும்.

நல்ல பிள்ளை வேஷம் போட்டவை

பழச்சாறு நூறு சதவீதம் என்றால் வரி இல்லை, அதனால் ஆரோக்கியம் என்று பொருள் இல்லை. எல்கினில் 1966-இல் பிறந்த ஆப்பிள்டைசரில் சேர்த்த சர்க்கரை கிடையாது, ஆப்பிளின் சொந்தச் சர்க்கரைதான். ஆனால் அளவில் அது கோலாவுக்கு ஏறக்குறைய சமம். கணையத்துக்கு அது ஆப்பிளிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று தெரியாது. அதிலும் ஃப்ரக்டோஸ் பங்கு கூடுதல். ஃப்ரக்டோஸ் கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலம் கூடும். கால் பெருவிரல் வீங்கும் கௌட் நோயாளிகள் இறைச்சியையும் பருப்பையும் மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு ஜூஸை மறந்துவிடுகிறார்கள்.

ஃப்ளேவர் போட்ட தண்ணீர், பெட்டியிலேயே சாமர்த்தியமான சரக்கு. கண்ணாடி மாதிரி தெளிவு, எலுமிச்சைப் படம், நடுவில் தண்ணீர் என்ற பெயர். சிலவற்றில் 100 மில்லிக்கு 4 கிராமை ஒட்டிச் சர்க்கரை, வரிக் கோட்டுக்குச் சரியாகக் கீழே. ஒன்றரை லிட்டரைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தால் 60 கிராம். ஐஸ் டீயும் இதே கதை. வீட்டில் ரூய்போஸ் இலையைக் கொதிக்க வைத்து, சர்க்கரை போடாமல் ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து குளிர்பெட்டியில் வைத்தால் காஃபீனும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கடைப் பாட்டிலுக்குப் பதில் இதைச் சொல்லலாம்.

தண்ணீர் கலந்து குடிக்கும் ஸ்குவாஷில் தவறு நடப்பது ஊற்றும் கையில். பாட்டிலில் போட்ட விகிதம் அளவுக் குப்பிக்கு. பிள்ளைகள் ஊற்றுவது நிறத்தைப் பார்த்து. விகிதத்தை விட்டால் லேபிளில் போட்ட எண் எதற்கும் உதவாது.

எனர்ஜி டிரிங்க் 500 மில்லியில் 160 மில்லிகிராம் காஃபீன், அதோடு சர்க்கரையும். இரண்டு டின்னில் சிறுநீர் கூட்டும் அளவைத் தொட்டுவிடலாம், நெஞ்சு படபடப்பும் கூடவே. வெயிலில் வேலை செய்கிறவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூடவே கூடாது.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க்: யாருக்கு

100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை, லிட்டருக்கு 20 மில்லிமோல் சோடியம் என்பது வழக்கமான அளவு. கோலாவைவிட நீர்த்தது, ஓ.ஆர்.எஸ்ஸைவிட இனிப்பு கூட, உப்பு குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுகிறவருக்கு, சைக்கிள் மிதிக்கிறவருக்கு இது அர்த்தமுள்ள பானம். அரை மணி நேரம் கடற்கரையில் நடந்துவிட்டு ஒரு பாட்டில் குடித்தால், நடந்து எரித்ததை அப்படியே திரும்பி வாங்கிக்கொண்ட கணக்கு.

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் பந்தயத்தில் வழி மேசைகளில் தண்ணீர்ப் பையோடு கோலாவும் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, ‘ஓடுகிறவர்களே குடிக்கிறார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஏழெட்டு மணி நேரம் ஓடி, தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்தவருக்கு அது எரிபொருள். டிவியில் பந்தயம் பார்ப்பவருக்கு அது வேறு.

அந்தப் பந்தயம் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொரு பாடம், தண்ணீரையே அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து என்பது. கேப் டவுனின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் கூட இருந்தவர்களும் நெடுந்தூரப் பந்தய வீரர்கள் நால்வர் இரத்தத்தில் சோடியம் சரிந்து விழுந்ததை 1985-இல் எழுதினார்கள். வியர்வையில் உப்பு போகிறது, உள்ளே வருவது வெறும் தண்ணீர், மிஞ்சியது நீர்த்துப்போன இரத்தம். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சுக் குழறல் என்று வரும். அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் குழப்பமே இல்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் உப்புள்ள சாப்பாட்டோடு குடிக்கலாம். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டார் என்று அர்த்தம்.

வயிற்றுப்போக்குக்குக் கோலா

காஸ் போகக் கலக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுப்பது இந்த ஊர் வீட்டு வைத்தியம். விட்டுவிடவும். ஒரு லிட்டர் கோலாவில் 26 தேக்கரண்டிச் சர்க்கரை. தென்னாப்பிரிக்கக் கிளினிக்குகளில் சொல்லிக்கொடுக்கும் கரைசலில் ஒரு லிட்டருக்கு எட்டு. 26-ஐ வைத்துக்கொண்டு சிட்டிகை உப்பால் சமன் செய்ய முடியாது, போக்கு கூடும்.

கரைசல் இப்படி: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. தவறுவது பெரும்பாலும் கரண்டியில்தான். குவித்து எடுத்த உப்பு இரண்டு மடங்காகிக் குழந்தைக்கு ஆபத்தாகும், மேசைக்கரண்டி எடுத்தால் மூன்று மடங்கு. கத்தி முதுகால் தலையைத் தட்டவும், கரைத்த பிறகு ருசி பார்க்கவும். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும், தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டாம். கடையில் பொட்டலம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். ஆனால் பொட்டலத்தில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான், பாலிலோ ஜூஸிலோ கரைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் ஐந்து வயது வரை 100 முதல் 200 மில்லி. கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தாமல். கண் குழி விழுந்து, பிள்ளை துவண்டு, சிறுநீரே போகவில்லை என்றால், அல்லது மலத்தில் இரத்தம் என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

2000 ஆகஸ்டில் குவாசுலு-நட்டாலில் காலரா பரவி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தபோது இறந்தவர்கள் பங்கு நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. நோயாளிக்கு நீரையும் உப்பையும் சீக்கிரம் திருப்பிக் கொடுத்ததுதான் காரணம்.

கோலாவுக்கு இதில் ஒரு சின்ன இடம் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் டாங்கர் லாரிக்குக் காத்திருந்த நிலை போல ஒன்று வந்தால், மூடி உடையாத பாட்டில் கிருமி இல்லாத திரவம், நலமாக இருப்பவர் குடித்துச் சமாளிக்கலாம். டாங்கர் தண்ணீரைக் கொதிக்க வைக்க வழியிருந்தால் அதுவே மேல்.

பெட்டிக்கு வெளியே

மாஸ் என்ற புளித்த பால் கெட்டியாகக் கடையில் கிடைக்கிறது. 200 மில்லி மாஸ், 800 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய். அடித்தால் ஒரு லிட்டர் மோர், ஸ்போர்ட்ஸ் டிரிங்கைவிட உப்பு கூட, சர்க்கரையோ சொற்பம். ஆடியில் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கஞ்சியிலும் இதே தந்திரம்தான்: மாவுச்சத்து குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸ் தருகிறது, கரைசல் கெட்டியாவதில்லை, தண்ணீர் வெளியே இழுபடுவதில்லை.

இளநீர், டப்பாவில் வருவது உட்பட, பொட்டாசியம் மிகுந்தது, சோடியம் குறைந்தது. நல்ல பானம், ஆனால் வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் தனியாகப் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர், எனலப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் லிட்டர் கணக்கில் குடிக்கக் கூடாது. இதய நோய்க்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவருக்கு இந்த மதிப்புரையின் எந்த அளவும் பொருந்தாது.

தைப்பூசக் காவடி டர்பனில் கோடை உச்சியில் வருகிறது. விரதம், வெறுங்கால், தார்ச்சாலை, பல மணி நேர வெயில். வழியில் உபயமாகக் கொடுப்பது பெரும்பாலும் தம்ளரில் நிறைத்த கலர் கூல்டிரிங்க். வெறும் வயிற்றில் அது குமட்டும், சிலர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். உபயம் செய்கிறவர்கள் பானகத்துக்கு மாறினால் செலவும் குறையும். பத்து லிட்டருக்கு 400 கிராம் வெல்லம், இரண்டரைத் தேக்கரண்டி உப்பு, ஐந்தாறு எலுமிச்சை, இரண்டு தேக்கரண்டி சுக்குப் பொடி, ஏலம் கொஞ்சம். வழக்கமான பானகத்தைவிட இனிப்பு குறைவாகத் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். வெல்லத்தைக் கொதிநீரில் கரைத்து வடிகட்டி, ஆறிய பிறகு எலுமிச்சை பிழியவும், சூட்டில் பிழிந்தால் கசக்கும். பனிக்கட்டியை உள்ளே போடாமல் பாத்திரத்தைச் சுற்றி வைக்கவும், இல்லாவிட்டால் கடைசி ஆளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்கவும். வெயிலில் மீந்தது மறுநாள் புளித்து நுரைக்கும்.